லினக்ஸ் மென்பொருளும் வழுவறிவித்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிக்கொண்ட கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தப் பொறி எந்த ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று, அதனை இயற்றியோர் யாவர் என்பனவே நூல்களில் இடம்பெறுகின்றன. அப்பொறி இயங்காது நின்ற வேளையில் அதனை முதலிற் கண்டவர் யார், கண்டதை யாரிடம் கூறினார், கூறியது கேட்கப்பட்டதா என்பன வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெறுவது அரிது. கணனி மென்பொருளைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். ஏனெனில் மென்பொருளின் வளர்ச்சி பெருமளவுக்கு அதன் வழுக்கள் அறியப்பட்டு நீக்கப்பட்டதன் விளைவேயாகும். லினக்ஸ் இயங்குதளத்தையும் அதனைச் சார்ந்தெழுந்த மேசைக் கணனி மென்பொருள்களையும் களமாகக் கொண்டு, வழுவை அறிவித்தல் என்னும் செயல் எவ்வாறு ஒரு சமூக நிறுவனமாக உருப்பெற்றது என்பதையும், அந்நிறுவனத்தின் பலமும் பலவீனமும் யாவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'வழு' என்ற சொல் தமிழிலக்கண மரபிலிருந்து கணனித் துறைக்குப் பெறப்பட்டதாகும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை வகுத்த இலக்கணகாரர், வழுவெனினும் ஏற்றுக்கொள்ளத்தக்கவற்றை வழுவமைதி எனத் தனியே பிரித்தனர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லோ பூச்சியைக் குறிப்பது. தோமஸ் எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே தமது கண்டுபிடிப்புக்களில் தோன்றிய சிறு கோளாறுகளை இப்பெயரால் ஒரு கடிதத்திற் சுட்டியிருந்தார். 1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணனியில் மின்காந்த ஆளியொன்றினுட் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியை எடுத்து, அதனைத் தினப்பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி என இயக்குநர்கள் குறித்துவைத்தனர். சொல் இந்நிகழ்ச்சியிற் பிறந்தது எனக் கூறுவது பொருந்தாது. சொல் முன்னரே வழக்கில் இருந்தமையினாலேயே அக்குறிப்பு நகைச்சுவையாயிற்று. ஆயின் வரலாற்று நோக்கிற் கவனிக்கத்தக்கது பூச்சியன்று, பதிவேடேயாகும். கோளாற்றை நேரத்தோடும் இடத்தோடும் எழுதிவைக்கும் வழக்கம் கணனியின் தொடக்க காலத்திலேயே நிலவியதை அது காட்டுகின்றது.

அவ்வழக்கம் நீண்டகாலம் ஆய்வுகூடத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது. கணனியைப் பாவிப்பவரும் அதற்கான செய்நிரலை எழுதுபவரும் ஒருவராகவே இருந்தவரை, வழுவைக் கண்டவரே அதனைத் திருத்திக்கொண்டார். மென்பொருள் தனியாக விற்கப்படும் பண்டமாக மாறியபோது இவ்வுறவு முறிந்தது. இயங்குவடிவம் மாத்திரமே பாவனையாளரின் கையை அடைந்தது. மனிதர் படித்தறியக்கூடிய மூலநிரல் நிறுவனத்தின் சொத்தாக மறைக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டையொட்டிய காலப்பகுதியில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த சம்பவம் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கும்போதெல்லாம் காத்திருப்போரின் திரைக்குச் செய்தி செல்லுமாறு அதன் நிரலை றிச்சர்ட் ஸ்ரோல்மன் மாற்றியமைத்திருந்தார். புதிதாகக் கிடைத்த லேசர் அச்சுப்பொறியிலும் தாள் சிக்கியது; ஆனால் அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்தவரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லையென நிறுவனத்துக்கு வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். குறை தெரிந்திருந்தது, திருத்தும் ஆற்றலும் இருந்தது, திருத்துவதற்கான உரிமை மாத்திரம் இருக்கவில்லை. 1983 செப்ரெம்பரில் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1985 இல் நிறுவப்பட்ட சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும், 1989 இல் வெளிவந்த குனூ பொது உரிமமும் இந்த உரிமையை நிலைநாட்ட எழுந்தவையேயாகும்.

1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ், தாம் எழுதிவரும் சிறு இயங்குதளம் பற்றி அறிவித்தபோது, அக்காலத்தில் வழங்கிய மினிக்ஸ் இயங்குதளத்தில் விரும்புவன எவை, வெறுப்பன எவை எனப் பிறரிடம் வினவியிருந்தார். லினக்ஸ் பிறந்தபோதே அபிப்பிராயம் கோரும் குரலும் அதனுடன் பிறந்தது எனலாம். 1992 இல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. 1994 மார்ச்சில் முதலாம் பதிப்பு வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த வழுவறிவிப்புக்களும் திருத்தங்களும் மின்னஞ்சல் வழியாகவே பரிமாறப்பட்டன. இம்முறையின் வெற்றியைக் கண்ட எரிக் றேமண்ட் 1997 ஆம் ஆண்டில் எழுதிய 'பேராலயமும் சந்தையும்' என்ற கட்டுரையில், பார்க்கும் கண்கள் போதியளவு பெருகுமாயின் எந்த வழுவும் ஆழமானதன்று என்னும் கருத்தை ரோவால்ட்ஸின் பெயரால் ஒரு விதியாகவே வகுத்தார். இவ்விதி பெரும்புகழ் பெற்றது. ஆயின் கண்கள் பெருகினாற் போதுமா, கண்டது உரியவரிடம் உரிய வடிவிற் சென்று சேர வேண்டாமா என்ற வினாவை அது எழுப்பவில்லை.

அவ்வினாவுக்குச் செயல்மூலம் விடை கூறியது டெபியன் இயக்கமாகும். 1993 ஓகஸ்டில் இயன் மேடொக் என்பவரால் தொடங்கப்பட்ட இவ்வியக்கத்துக்காக 1994 இல் இயன் ஜக்சன் வழுப்பதிவேடு ஒன்றை அமைத்தார். எவரும் மின்னஞ்சல் அனுப்பலாம். ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஓர் எண் கிடைக்கும். அது குறித்து நிகழும் உரையாடல் முழுவதும் அவ்வெண்ணின் கீழ் அனைவரும் பார்க்கக்கூடியவாறு நிலைத்திருக்கும். அடுத்துவந்த ஆண்டுகளில், மிகக் கடுமையானது முதல் வெறும் விருப்பம் வரை வழுக்களின் தாரதம்மியம் வகுக்கப்பட்டது. கடுமையான வழுவுள்ள பொதி நிலையான வெளியீட்டிற் சேர்வதற்குத் தகுதியற்றது என்ற நியதியும் ஏற்பட்டது. 1997 ஜூலையில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பு, தமது குறைகளை மறைப்பதில்லை என்றும், வழுப்பதிவேடு எப்போதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்றும் உறுதி கூறுகின்றது. குறையை மறைத்தல் வணிகத்தில் இயல்பாகக் கருதப்பட்ட ஒரு காலத்திற் குறையைப் பகிரங்கப்படுத்துதல் ஓர் ஒப்பந்தக் கடமையாக எழுதப்பட்டமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்ததாகும்.

இதுவரை வழுவை அறிவித்தோர் பெரும்பாலும் செய்நிரல் அறிந்தோராகவே இருந்தனர். மேசைக் கணனிச் சூழல்களின் தோற்றம் இந்நிலையை மாற்றியது. 1996 ஒக்ரோபரில் ஜேர்மனிய மாணவரான மத்தியாஸ் எட்றிச் கே.டி.ஈ. திட்டத்தையும், 1997 ஓகஸ்டில் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகேல் டி இக்காசாவும் பெடெறிக்கோ மேனாவும் க்னோம் திட்டத்தையும் அறிவித்தனர். கட்டளைகளைத் தட்டெழுதத் தெரியாதவரும் லினக்ஸைப் பாவிக்க வேண்டும் என்பதே இவற்றின் இலட்சியமாகும். அவ்விலட்சியம் கைகூடுந்தோறும், வழுவைக் காண்பவருக்கும் அதனைத் திருத்துபவருக்கும் இடையிலான தூரம் மீண்டும் அதிகரித்தது. முன்னர் அத்தூரத்தை உண்டாக்கியது சொத்துரிமை. இப்போது உண்டாக்கியது அறிவு வேறுபாடு.

இத்தூரத்தைக் குறைப்பதற்குக் கருவிகள் தோன்றின. நெற்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச்சிற் தனது இணைய உலாவியின் மூலநிரலை வெளியிட்டதையடுத்து, ரெறி வைஸ்மன் ஆக்கிய பக்சில்லா என்னும் பதிவேட்டு மென்பொருளும் பொதுவுடைமையாயிற்று. க்னோம், கே.டி.ஈ. ஆகிய இரண்டுமே காலப்போக்கில் அதனை ஏற்றுக்கொண்டன. க்னோம் 2018 இல் வேறு முறைமைக்கு மாறியது, கே.டி.ஈ. அதனைத் தொடர்ந்து கைக்கொண்டது. மென்பொருள் திடீரெனச் செயலிழக்கும்போது, அத்தருணத்தில் எந்தச் சார்பு எந்தச் சார்பை அழைத்துக்கொண்டிருந்தது என்ற வரிசையைத் தாமே திரட்டி அறிக்கையாக அனுப்ப உதவும் துணைநிரல்களும் எழுந்தன. கே.டி.ஈ. சூழலின் டொக்ரர் கொன்கி, க்னோமின் பழைய பக் படி, உபுண்டுவின் அப்போட் என்பன இத்தகையன. 2005 ஆம் ஆண்டில் ரோவால்ட்ஸ் ஆக்கிய கிற் என்னும் முறைமை, வழு இல்லாத பழைய பதிப்புக்கும் வழுவுள்ள புதிய பதிப்புக்கும் இடையிலுள்ள மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்துக் காரணமான மாற்றத்தைக் கண்டறியவும் வழிசெய்தது. ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் ஏறத்தாழப் பத்துச் சோதனைகளிற் காரணம் அகப்பட்டுவிடும்.

கருவிகள் பெருகினும் அறிவிப்பவரின் பயிற்சியே அடிப்படையானது என்பதைச் சைமன் ரேதம் 1999 இல் எழுதிய கட்டுரை எடுத்துரைத்தது. வழுவை ஆக்குநரின் கண்முன் மீண்டும் நிகழச் செய்வதே அறிக்கையின் தலையாய பயன் என்பது அவரது கருத்தின் சாரமாகும். செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன என்ற மூன்றையும் நல்ல அறிக்கை வேறுபடுத்திக் கூறும். கண்டதையும் ஊகித்ததையும் அது கலப்பதில்லை. 'வேலை செய்யவில்லை' என்ற வாக்கியம் துன்பத்தைத் தெரிவிக்கின்றதேயன்றி வழுவைத் தெரிவிப்பதில்லை. வரலாற்று மாணவர் சாசனமொன்றை வாசிக்கும்போது கல்லிலுள்ள எழுத்தையும் தமது ஊகவாசிப்பையும் பிரித்துக் காட்டும் நெறிக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

இந்நெறியின் பெறுமதியை உணர்த்தும் சிறந்த சான்று, உபுண்டுவின் வழுப்பதிவேட்டில் 2008 ஆம் ஆண்டிற் பதிவான ஓர் அறிக்கையாகும். ஓப்பின் ஒஃபிஸ் மென்பொருளிலிருந்து ஆவணங்கள் அச்சாகவில்லை என்பதே முறைப்பாடு. பாவனையாளர் ஒருவரின் மனைவி, செவ்வாய்க்கிழமைகளில் மாத்திரமே அச்சுப்பொறி இயங்க மறுக்கின்றது என்று கூறினார். கேட்பவர் நகைக்கக்கூடிய கூற்று இது. எனினும் அக்கூற்று விலக்கப்படாது பதிவாயிற்று. 2009 இல் அதற்கு விளக்கமும் கிடைத்தது. அச்சுக்குச் செல்லும் கோப்பின் தலைப்பகுதியில் அது ஆக்கப்பட்ட திகதி கிழமைப் பெயரோடு எழுதப்படும். அக்கோப்பு எவ்வகையினது என்பதை, கோப்புக்களை இனங்காணும் வேறொரு நிரலிடம் அச்சுப்பொறியின் துணைநிரல் கேட்டறியும். எர்லாங் என்னும் நிரன்மொழிக்குரிய ஒருவகைக் கோப்பினை அதிலுள்ள ஒரு திகதியைக்கொண்டு இனங்காண்பதற்கு அந்நிரலில் ஒரு விதி இருந்தது. அத்திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. விதி எழுதப்பட்ட முறையிலிருந்த சிறு தவறினால், திகதி முழுவதும் ஒப்பிடப்படாது செவ்வாயைக் குறிக்கும் முதல் மூன்று எழுத்துக்கள் மாத்திரமே ஒப்பிடப்பட்டன. ஆகவே செவ்வாய்க்கிழமையில் ஆக்கப்பட்ட ஆவணம் அச்சுக்குரியதன்று எனத் தள்ளப்பட்டது.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, குற்றஞ்சாட்டப்பட்ட மென்பொருளில் வழு இருக்கவில்லை. பலரால் வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட பல நிரல்கள் சந்திக்கும் இடத்திலேயே அது வெளிப்பட்டது. பதிவேடு பொதுவாக இருந்தமையினாலேயே அறிக்கை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி உரிய இடத்தைச் சென்றடைந்தது. இரண்டாவது, தீர்வுக்கான திறவுகோலைத் தந்தவர் நிரலாளர் அல்லர். நாள்தோறும் அச்சுப்பொறியைப் பாவித்து, அதன் நடத்தையை ஊன்றிக் கவனித்த ஒருவரேயாவார்.

இவ்வமைப்பைக் குறையற்றதெனக் கொள்ளுதல் தவறாகும். 2003 ஆம் ஆண்டில் ஜேமி சவின்ஸ்கி என்ற நிரலாளர் க்னோம் திட்டத்தைக் கண்டித்தெழுதினார். பழைய பதிப்புக்குரிய வழுவறிக்கைகள், புதிய பதிப்பு வந்துவிட்டது என்ற காரணத்துக்காகப் படித்துப் பார்க்கப்படாமலே மூடப்படுகின்றன என்பது அவரது குற்றச்சாட்டு. பழைய குறைகளைத் திருத்துவதிலும் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதே இளம் நிரலாளருக்கு உவப்பானது. அதனால் அதே குறைகள் மீண்டும் மீண்டும் பிறக்கின்றன என்று அவர் வாதிட்டார். கூலியின்றிச் செய்யப்படும் தொழிலில், சலிப்பூட்டும் பகுதியை யார் செய்வது என்ற பழைய வினாவே இங்கு புதிய வடிவில் எழுந்தது. 2009 இல் உபுண்டு இயக்கம் சிறுசிறு உபத்திரவங்கள் நூற்றைத் தெரிந்தெடுத்துத் திருத்தும் திட்டத்தை வகுத்தது, இவ்வகைப் புறக்கணிப்பை ஈடுசெய்யும் முயற்சியெனலாம். அதே உபுண்டுவின் பதிவேட்டில் 2004 ஓகஸ்டில் மாக் ஷட்டில்வேர்த் பதிந்த முதலாவது வழு, மேசைக் கணனிச் சந்தையின் பெரும்பகுதி ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றது என்பதாகும். 2013 மேயில் அது மூடப்பட்டது. மேசைக் கணனியை லினக்ஸ் வென்றமையினால் அன்று, கைத்தொலைபேசி முதலியன கணனி உலகையே மாற்றிவிட்டமையினாலேயே அது மூடப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

வழுவறிக்கை தன்னளவில் நன்மை பயப்பதுமன்று. 2006 இல், நினைவகப் பாவனையைச் சோதிக்கும் கருவியொன்று ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்ற மறைகுறியாக்க நூலகத்திலுள்ள சில வரிகளைப் பற்றி எச்சரிப்பதாக டெபியனுக்கு அறிக்கை வந்தது. பராமரிப்பாளர் அவ்வரிகளை நீக்கினார். எச்சரிக்கை மறைந்தது. ஆயின் நீக்கப்பட்டவற்றுள் ஒரு வரியே எழுமாற்று எண்களுக்கு வேண்டிய மூலத்தைச் சேர்த்து வந்தது. அதன்பின் ஆக்கப்பட்ட இரகசியச் சாவிகள், ஒவ்வொரு கணனி வகைக்கும் சாவி நீளத்துக்கும் 32,768 என்ற சிறு தொகைக்குள் அடங்கிவிட்டன. எவரும் அவற்றை எண்ணிப் பார்த்துவிடக்கூடிய அந்நிலை ஏறத்தாழ இருபது மாதங்கள் நீடித்து, 2008 மே 13 ஆம் திகதியே பகிரங்கமாயிற்று. எச்சரிக்கையை அகற்றுதலும் வழுவை அகற்றுதலும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. கண்கள் பல இருந்தன. அவ்விடத்தைப் பார்த்த கண்கள் சிலவே.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 2024 மார்ச்சில் இடம்பெற்றது. அன்ட்றெஸ் பிறொயின்ட் என்ற நிரலாளர், வளர்ச்சி நிலையிலிருந்த டெபியனைப் பாவித்தபோது, தொலைக்கணனியுட் புகுவதற்கு வழக்கத்திலும் ஏறத்தாழ அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதை அவதானித்தார். அற்பமெனத் தள்ளிவிடாது காரணத்தைத் தேடிய அவர், எக்ஸ்.இசட். என்னும் சுருக்க மென்பொருளின் புதிய பதிப்புக்களுட் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட இரகசிய வாயிலைக் கண்டு, மார்ச் 29 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். நிலையான வெளியீடுகளைப் பரவலாகச் சென்றடையுமுன் பேராபத்து தடுக்கப்பட்டது. அவ்வாயில் புகுந்த வழி இன்னும் கவனத்துக்குரியது. அம்மென்பொருளை ஆண்டுக்கணக்காகத் தனியொருவரே ஓய்வுநேரத்திற் பராமரித்து வந்தார். வேலை மந்தமாக நடக்கின்றது என அவரைக் கடிந்து கடிதங்கள் வந்தன; உதவ முன்வந்தவர்போல் வந்த ஒருவர் நம்பிக்கையைப் பெற்று உள்ளே நுழைந்தார். இங்கு முறைப்பாடே ஆயுதமாக்கப்பட்டது. வழுவை அறிவிக்கும் உரிமை, அதனைத் திருத்துபவரின் உழைப்பை மதிக்கும் கடமையிலிருந்து பிரிக்கப்படுமாயின் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாறு தமிழ் வழங்கும் நாடுகளுக்குப் புறம்பானதன்று. யூனிகோட் முறையிற் 'கெ' என்ற எழுத்திலுள்ள கொம்பு, ககரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகின்றது; திரையில் முன்னே காட்டப்படுகின்றது. இதனைச் செய்யும் நிரல் பிழைக்குமிடத்துக் கொம்பு இடம்மாறி நிற்கும். 2005 இல் யூனிகோட்டின் 4.1 ஆம் பதிப்பில் 'ஶ' என்ற எழுத்துச் சேர்க்கப்பட்ட பின்னர், 'ஸ்ரீ' என்னும் வடிவத்தை இருவேறு எழுத்துத் தொடர்களால் எழுத இயலுமாயிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் கணனிக்கு வேறுவேறானவை. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது போகலாம். இத்தகைய வழுக்களை ஹெல்சிங்கியிலோ பொஸ்ரனிலோ உள்ள நிரலாளர் காணப்போவதில்லை. எவ்வளவு திறமை வாய்ந்தவராயினும் அவர் கண்ணுக்கு இடம்மாறிய கொம்பும் சரியான கொம்பும் ஒன்றேயாகும். அதனைக் காணவல்லவர் தமிழை வாசிக்கத் தெரிந்த பாவனையாளர் மாத்திரமே.

எனவே வழுவறிவித்தல் என்பது தொழினுட்பத்தின் ஓரத்தில் நிகழும் அற்ப செயலன்று. விட்டிற்பூச்சி ஒட்டப்பட்ட பதிவேட்டிலிருந்து டெபியனின் திறந்த பதிவேடு வரையுள்ள வளர்ச்சி, தோல்வி பற்றிய அறிவு தனிச்சொத்து நிலையிலிருந்து பொதுச்சொத்து நிலைக்கு மாறிய வளர்ச்சியாகும். அப்பொதுச்சொத்து தானாக நிலைப்பதில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதுவோர் ஒருபுறமும், எழுதியதைப் பொறுமையோடு படிப்போர் மறுபுறமும் இருக்கும்வரையே அது நிலைக்கும். குறையைச் சகித்துக்கொண்டு வாளாவிருத்தல் பண்பாகக் கருதப்படும் சமூகங்களில், செவ்வாய்க்கிழமைகளில் அச்சாகவில்லை என்று அஞ்சாது கூறிய அப்பெண்ணின் சொல் சிந்திக்கத்தக்கதாகும்.